என் காலைக் கழுவ வேண்டாம்

பன்னிரண்டு பெயர்கள் கொண்ட அந்தப் பட்டியலை எழுதியது நான்தான். இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாக, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் திருப்பலியில் பங்குத்தந்தை பாதம் கழுவப்போகும் பன்னிரண்டு பேர். பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று ரோமாபுரியிலிருந்து அனுமதி வந்து சில வருடங்கள் ஆகியும், எங்கள் பங்கில் அதுவரை ஆண்களே உட்கார்ந்து வந்தார்கள். பங்குப் பேரவையின் செயலாளராக இருந்த நான் அந்த வருடம் கடைசிப் பெயராக எங்கள் பள்ளிக்கூடத்து ஆயாம்மாவைச் சேர்த்தேன். பக்கத்தில் ‘எளிய பணியாளர்’ என்றும் எழுதினேன். எழுதி முடித்ததும் மனத்துக்குள் ஒரு நிறைவு வந்தது. இன்று அந்த நிறைவை நினைத்தால்தான் கூசுகிறது.

திருச்சியில் கோயிலை ஒட்டிப் பங்கு நடத்திவந்த பெண்கள் பள்ளி அது. நான் கணக்கு டீச்சர். ஆயாம்மா கழிப்பறைகளைக் கழுவுகிறவர். ஐம்பதைத் தாண்டிய வயது, கெட்டியான உடம்பு, இழுத்துச் செருகிய சேலை. பத்துக் கழிப்பறைகள். அறைக்கு ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்வார். கடைசி அறையை முடிக்கும்போது செபமாலையில் ஒரு பத்து முடிந்திருக்கும். ஒருமுறை அதைக் கேட்டுவிட்டு, இந்த இடத்திலா செபம் என்றேன். “இங்கதான டீச்சர் தேவைப்படுது” என்றார், துடைப்பத்தை நிறுத்தாமல். அந்தக் கட்டடத்துக்கு வரும் தண்ணீர்க் குழாய் உடைந்து இரண்டு வருடமாகியிருந்தது. காவிரி ஓடும் ஊரில், அவர் அடிபம்பிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தார். என்னிடம் மூன்று முறை முறையிட்டார். மூன்று முறையும் பேரவையின் மினிட்ஸ் புத்தகத்தில், அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று எழுதி மூடினேன்.

பட்டியல் விஷயத்தைச் சொல்லப் போனபோதும் இரண்டு கையிலும் வாளியோடுதான் வந்தார். கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். வாளிகளை இறக்கிவிட்டு, என்னை எதற்குச் சேர்த்தீர்கள் என்று கேட்டார். தாழ்ச்சியான வேலையைச் செய்கிறீர்கள், அது ஆண்டவருக்குப் பிரியமானது என்று ஏதோ சொன்னேன்.

“தாழ்ச்சியான வேலைன்னு யாரு டீச்சர் சொன்னா? வேலை வேலைதான். அதைத் தாழ்த்தி வச்சது நீங்க.”

பதிலைப் பங்குச் சாமியிடமே சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டார்.

பெரிய வியாழனுக்கு முந்தின குருத்து ஞாயிறன்று பூசை முடிந்து, பேரவைக்காரர்கள் சூழ பங்குத்தந்தை கோயில் வாசலில் நின்றிருந்தார். கையில் குருத்தோலையோடு ஆயாம்மா நேராக அவர் முன்னால் போய் நின்றார்.

“சாமி, என் காலைக் கழுவ வேண்டாம். நான் வீட்டுலயே கழுவிட்டுத்தான் வர்றேன். கழுவத் தண்ணி இருந்தா ஸ்கூல் கக்கூஸுக்குக் குடுங்க.”

பேரவையில் மூத்தவரான ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், இது ஆங்காரம், ஆண்டவர் கொடுக்கும் மரியாதையையே தட்டிவிடுகிறாள் என்றார். ஆயாம்மா அவர் பக்கம் திரும்பினார். “ஆண்டவர் பாவம் பாத்துக் கழுவலீங்க. அழுக்கு இருந்துச்சு, கழுவுனாரு. அதைத்தான் நானும் தினம் செய்றேன். அதுக்கு எனக்குப் பாராட்டு வேண்டாம், தண்ணி வேணும்.” பங்குத்தந்தை இளைஞர். அவர் முகம் சிவந்தது.

மறுநாளே ஆயாம்மாவை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும் என்று பேச்சு கிளம்பியது. தலைமையாசிரியையான சிஸ்டர் அவரை அறைக்குக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்றார். நானும் அங்கே இருந்தேன். ஆயாம்மாவுக்குக் கணவர் இல்லை, மகள் கல்லூரியில் படிக்கிறாள். அந்த வேலை போனால் அவர் வீடு என்னவாகும் என்று மூவருக்கும் தெரியும். ஆயாம்மாவின் குரல் நடுங்கவில்லை.

“நிறுத்துறதுன்னா நிறுத்துங்க சிஸ்டர். நாளைக்கு யாரு கழுவுவாங்கன்னு சொல்லிட்டு நிறுத்துங்க. பெரிய புள்ளைங்க மாசத்துல மூணு நாள் ஸ்கூலுக்கே வர மாட்டேங்குது. தண்ணியில்லாத கக்கூஸுக்கு எப்படி வரும்? எந்தப் புள்ள, எந்த நாளுன்னு உங்க ரிஜிஸ்டரை விட எனக்கு நல்லாத் தெரியும்.”

அந்த ரிஜிஸ்டரில் ஆப்சென்ட் போட்டவள் நான். நன்றாகப் படிக்கும் பெண்களைக்கூட, அடிக்கடி லீவு போடுகிறாய் என்று வகுப்பில் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன். இத்தனை வருடம் பாடம் நடத்தி எனக்குத் தெரியாதது, துடைப்பம் பிடித்தவருக்குத் தெரிந்திருந்தது. அவரை நிறுத்தினால் நானும் பேரவையிலிருந்து விலகுவேன் என்று அன்று சிஸ்டரிடம் சொன்னேன். பெரிய வீரம் ஒன்றுமில்லை. இரண்டு வருடம் தாமதமாகச் சொன்னேன்.

பெரிய வியாழனன்று பதினொரு பேரின் பாதங்கள் கழுவப்பட்டன. வேறு ஆளைப் போடச் சொன்னவர்களுக்குப் பங்குத்தந்தை இணங்கவில்லை; பன்னிரண்டாவது நாற்காலி காலியாகவே கிடந்தது. ஆயாம்மா பெண்கள் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். யாருக்காகவும் தலையைக் குனியவில்லை. ஈஸ்டர் முடிந்து பேரவை கூடியபோது முதல் விஷயமாகக் குழாயைத்தான் எடுத்தோம். ஆங்காரம் என்றவர் கடைசிவரை முனகிக்கொண்டிருந்தார். கோடை விடுமுறையில் புதுக் குழாய் வந்தது. ஆயாம்மாவின் வேலையும் தப்பியது.

இப்போது ஓய்வுபெற்று கே.கே. நகருக்கு வந்துவிட்டேன். இங்கேயும் பிரசங்கத்தில் யாராவது எளிய வேலை என்று உருகினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எளிய வேலையாம். செய்து பார்க்கட்டும்.

நான் செய்து பார்த்தேன். அந்த வருடம் ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், குழாயைப் பார்க்கலாம் என்று போனேன். ஆயாம்மா தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நானும் ஒன்று கழுவுகிறேன் என்றேன். என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். புகழவுமில்லை, வேண்டாமென்று தடுக்கவுமில்லை. பிரஷ்ஷையும் பினாயிலையும் நீட்டினார். அரைமணி நேரம் தேய்த்தேன்; இடுப்பு விட்டுப்போனது. முடித்துவிட்டு, பரீட்சைத் தாளைக் கொடுத்த பிள்ளையைப் போல வெளியே நின்றேன். ஆயாம்மா உள்ளே போய்க் குனிந்து பார்த்தார்.

“மூலையில விட்டுட்டீங்க டீச்சர். நாளைக்குப் புள்ளைங்க வருது.”

நான் மறுபடியும் உள்ளே போய்க் குனிந்தேன்.