சீக்கில்லாத முயல்

பச்சை வயரில் பின்னிய கூடை. அதன் வாயைப் பழைய சுங்குடிச் சேலைத் துண்டால் கட்டி இடுப்பில் அணைத்துக்கொண்டு, சின்னாளபட்டியிலிருந்து வந்த முதல் பஸ்ஸில் ஆயாம்மா பள்ளிக்கூடத்துக்கு எதிரே இறங்கிய காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. துணிக்குள் ஏதோ அசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது ஒரே நினைப்புதான்: நல்லவேளை, இன்ஸ்பெக்‌ஷனுக்குள் கிடைத்துவிட்டது.

எண்பதுகளின் நடுவில் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் விஞ்ஞான ஆசிரியை. விலங்கியல் படித்துவிட்டுக் கல்லூரியிலிருந்து நேராக வேலைக்கு வந்தவள். படித்தது எல்லாம் தலைக்குள் மொறுமொறுவென்று இருந்த வயது. ஒரு மாணவியின் அப்பா பள்ளிக்குக் கொடுத்த முயல் ஜோடியை ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் கம்பி வலைக் கூட்டில் வைத்திருந்தோம். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பேருக்கு எனக்கு. புல் போட்டு, கூடு கழுவி, தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டதெல்லாம் ஆயாம்மா. அந்தக் கோடையில் ஆண் முயல் செத்துப்போனது. மிச்சமிருந்த பெட்டை இரை எடுப்பதைக் குறைத்துக்கொண்டு, மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தன் நெஞ்சு முடியைத் தானே பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அது கண்ணில் படவேயில்லை. ஆயாம்மாதான் வந்து, அதற்கு ஒரு துணை வேண்டும் டீச்சர், தனியாக விட்டால் தாங்காது என்றார்.

நானும் தேடினேன். அந்த முயலுக்காகத் தேடினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் மாவட்டக் கல்வி அதிகாரி வருகிற திங்கட்கிழமை ஆய்வுக்கு வருகிறார் என்று சுற்றறிக்கை வந்த பிறகுதான் தேடத் தொடங்கினேன். முடி உதிர்ந்த ஒற்றை முயலை அவருக்குக் காட்ட முடியாது. சந்தையில் கறிக்கு விற்றவர்களிடம் இருந்தவை எல்லாம் காட்டு முயல்கள். வேறு வழி தெரியாமல் இருந்தபோது, ஆயாம்மா தன் முயலையே தருவதாகச் சொன்னார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் தறி நெய்கிறவர். தறிக்குழி ஓரமாகப் பூனை மாதிரி அந்தச் சாம்பல் முயல் திரியும் என்றும், கறி வைக்காமல் எதற்கு இதை வளர்க்கிறாய் என்று தெருவில் கேலி பண்ணுவார்கள் என்றும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். ஒட்டிக்கொண்டால் இங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்பது அவர் கணக்கு.

கூடையை இறக்கியதும் அவர் சொன்னது ஒன்றுதான். "ஒரே கூட்டுல விட்டுறாதீக டீச்சர். ரெண்டும் பெட்டை. பக்கத்துப் பக்கத்துல வச்சு, ஒரு பத்து நாளு மூஞ்சிய மட்டும் பாத்துக்கிறட்டும். வாடை பழகணும்."

சரி என்றேன். அவர் ஒரு பழைய பெட்டிக்கு வலை அடித்து, கூட்டுக்கு ஒரு சாண் தள்ளி வைத்தார். அடுத்த இரண்டு நாளும், எங்கள் கூட்டிலிருந்த பெரிய முயல் வலையில் முகத்தை வைத்துப் பின்னங்காலால் தரையை அடித்துக்கொண்டே இருந்தது. ஆவலாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். விலங்கியல் படித்தவள் நான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆயாம்மா பஸ் ஏறிய பிறகு, சாம்பல் முயலைத் தூக்கிப் பெரிய கூட்டுக்குள் விட்டேன். திங்கட்கிழமைக்குள் பழகிவிடும், ஒரே கூட்டில் ஜோடியாகப் பார்க்க அழகாக இருக்கும் என்பதுதான் யோசனை. இரண்டு நாளைக்குக் கீரையும் தண்ணீரும் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பூட்டும்போது உள்ளே தடதடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

திங்கட்கிழமை காலை சாம்பல் முயல் செத்துக் கிடந்தது. ஒரு காது கிழிந்து தொங்க, அடிவயிற்றுத் தோல் பிளந்திருந்தது. கூடு முழுக்க முடி. ஓடி ஒளிய அதற்கு ஓர் இடமும் இருந்திருக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஆயாம்மா வந்துவிட்டார். அவர் அழவில்லை, உள்ளே குனிந்து அதை எடுத்து, தன் முந்தானையில் வைத்து, கிழிந்த காதை ஒழுங்காக மடித்துவிட்டார். பின்னாலேயே தலைமையாசிரியை வந்தார். அதிகாரி வர ஒரு மணி நேரம்கூட இல்லை. "யாரு ரெண்டையும் ஒண்ணா விட்டது?" என்று கேட்டார்.

"ஆயாம்மா கொண்டாந்த முயல் மேடம்," என்றேன். "அவங்களே உள்ள விட்டுட்டாங்க போல. அதுக்கு ஏற்கெனவே ஏதோ சீக்கு இருந்திருக்கும்."

ஆயாம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். முந்தானையில் முயலோடு தோட்டத்துப் பக்கம் போனார். அந்த வாரமே அவரைத் தோட்டத்திலிருந்து எடுத்து விடுதிச் சமையலறைக்குப் பாத்திரம் துலக்க அனுப்பினார்கள். ஆய்வு நன்றாக முடிந்தது. அதிகாரி என் ஆய்வுக்கூடத்தைப் பாராட்டி எழுதிவிட்டுப் போனார்.

நாலைந்து நாள் கழித்து, விடுதிக்குப் பின்னால் குழாயடியில் அவரைத் தனியாகப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்ததென்னவோ, சமையலறையில் வேலை அதிகமா என்கிற கேள்வி. அவர் சாம்பல் அப்பிய கையைக் கழுவிக்கொண்டே பேசினார்.

"சாவி உங்க பையில இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும் டீச்சர். என்மேல போட்டீக, போகட்டும். அதுக்குச் சீக்குன்னு சொன்னீக பாருங்க, அத மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம். ஒரு நா கிடையாது அதுக்கு ஒரு சீக்கு."

அவர் பாத்திரங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதோடு விட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர் விடவில்லை. அடுத்த மாதம் ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருந்த உறவுக்காரரிடமிருந்து ஓர் ஆண் குட்டியை அதே கூடையில் கொண்டுவந்து, சாவி கேட்டு என்னிடம் வந்தார். உங்கள் முயலைக் கொன்ற முயலுக்கா துணை தேடுகிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். "அது என்ன செய்யும்? அது எடத்துல இன்னொண்ணக் கொண்டாந்து விட்டா கடிக்கத்தான செய்யும்," என்றார். பதினைந்து நாள், தன் சாப்பாட்டு நேரத்தில் வந்து, பெட்டியைக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்து, இதன் புல்லை அதற்கும் அதன் புல்லை இதற்கும் மாற்றி மாற்றிப் போட்டார். பிறகு இரண்டுக்கும் புதிதான வராந்தாவில் ஒன்றாக விட்டு, பக்கத்திலேயே குந்தியிருந்தார். கூட்டைச் சோடா உப்புப் போட்டுக் கழுவி வாடை போன பிறகுதான் உள்ளே விட்டார். நான் ஆய்வுக்கூட ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒருநாள் பெரிய முயல் தலையைத் தாழ்த்த, குட்டி அதன் நெற்றியை நக்கிக்கொடுத்தது. பிடுங்கிய முடியெல்லாம் திரும்ப முளைத்தது. ஆயாம்மா சாவியை என் மேஜையில் வைத்துவிட்டுப் பாத்திரம் துலக்கப் போனார்.

தலைமையாசிரியையிடம் உண்மையைச் சொல்ல எத்தனையோ முறை அவர் அறை வாசல் வரை போயிருக்கிறேன். மூன்று வருடம் கழித்து வேறு ஊருக்குப் போகும்வரை சொல்லவில்லை. என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, ஓய்வு பெற்றுக் கொடைரோட்டில் இருந்த அவருக்குப் பத்திரிகை வைக்கப் போனேன். பேச்சோடு பேச்சாக ஆயாம்மாவைப் பற்றிக் கேட்டேன். கடைசிவரை சமையலறையில்தான் இருந்ததாகவும், இறந்து நாலைந்து வருடம் ஆகிவிட்டதாகவும் சொன்னார். எனக்கு அப்போதுதான் வாய் வந்தது. முயலை உள்ளே விட்டது நான்தான் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ அதைத் தூக்கிட்டுப் போனத ஆபீஸ் ஜன்னல்ல இருந்து பாத்தேம்மா. சயின்சுக்கு வேற டீச்சர் கிடையாது. ஆயா வேலைக்கு ஆள் கிடைக்கும். அதான் கேக்காம விட்டுட்டேன்," என்றார்.

பிறகு அவர் பத்திரிகையைப் பிரித்து, மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று கேட்டார். நானும் சொன்னேன்.