ஒரு டப்பா பாஷாணம்

யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் அரியலூரிலிருந்து செந்துறை போகும்போதுதான் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பார்த்தால் பயம் வரும்படியான மீசை. மடியில் ஒரு சின்னத் தகர டப்பா. மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றியிருந்தார். பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அதைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

என்னவென்று கேட்டேன்.

"எலிப் பாஷாணங்க. எலி ஒழிஞ்சிடுச்சு, இது மிஞ்சிப்போச்சு. வூட்டுல புள்ள தவழ ஆரம்பிச்சிட்டான். அதான் எங்கயாச்சும் ஆளில்லாத எடமாப் பாத்துப் பொதைச்சிடலாம்னு கெளம்புனேன்."

ஓடையில் வீசிவிட வேண்டியதுதானே என்றேன், கொஞ்சம் எரிச்சலாகவே.

"கீழ ஊர்க்காரங்க அந்தத் தண்ணியத்தானங்க குடிக்கிறாங்க."

சாயங்காலம் திரும்பும் பஸ்ஸிலும் அவர் இருந்தார். முட்டியெல்லாம் செம்மண். டப்பா மடியிலேயே இருந்தது.

"பொதைக்கலீங்களா?"

"முந்திரித் தோப்புல ஆழமாத் தோண்டிப் பொதைச்சேங்க. பஸ்ஸுக்கு நிக்கிறப்பப் பாத்தா, ரெண்டு பொம்பளைங்க கெழங்கு தோண்டக் கடப்பாறையோட அங்க போறாங்க. ஓடிப்போயி எடுத்துட்டேன்."

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"வூட்டுக்குத்தான் கொண்டுபோறேன். அங்கன்னா பரண்ல வச்சு நானே காவ காத்துக்குவேன். இது எங்க இருக்குன்னு எனக்காவது தெரியும்ல."

அரியலூரில் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு ஏறினார்கள். டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அவர் இறங்கிப் போனார். அவர் தேடிய இடத்தை அன்றிலிருந்து நானும் யோசித்துப் பார்க்கிறேன். யாருமே வராத இடம் எனக்கும் இன்னும் அகப்படவில்லை.