வசந்தா டீச்சரும் ‘லைன்’ என்ற சொல்லும்

தியாகதுருகம் பஸ் நிலையத்தில் நின்றிருந்தபோது போன் வந்தது. வசந்தா டீச்சர் காலையில் மாரடைப்பில் போய்விட்டார் என்று பள்ளியிலிருந்து சொன்னார்கள். “எந்த வசந்தா?” என்று முட்டாள்தனமாகக் கேட்டேன். எங்கள் பள்ளியில் இருந்தது ஒரே வசந்தா டீச்சர்தான்.

அவர் ஆங்கிலம், நான் தமிழ். சண்டைக்குக் குறைவிருக்குமா? ‘லைன்’ என்ற ஒரு சொல்மேல் அவருக்கு அப்படியொரு பைத்தியம். பிள்ளைகள் எழுதுவது நாலு லைன் நோட்டு. கச்சிராயபாளையம் போகும் பஸ் மலை லைன் வண்டி. கரண்ட் கம்பியும் லைன், போனில் கிடைக்காததும் லைன், பெரிய பையன்கள் பெண்கள் பள்ளிப் பக்கம் போய் அடிப்பதும் லைன். பஸ்ஸில் யாரோ அந்தச் சொல்லைப் புதிதாக ஒரு விதத்தில் சொன்னதைக் கேட்டுக்கொண்டே, இறங்கவேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டு வந்தவர் அவர்.

“கோடு, தடம், கம்பி, வரிசை என்று நம்மிடம் இல்லாததா? எதற்கு இந்த இரவல்?” என்று எகிறுவேன்.

“கோச்சிக்காதீங்க ஐயா. லத்தீன்காரன் ஆளிச்செடி நாருல முறுக்குன நூலுதான் மொதல்ல லைனு. அந்த நூலப் புடிச்சுக் கோடு போட்டாங்க, கோட்டுமேல ஆளுங்க நின்னாங்க. எல்லாம் ஒரே நூலுதாங்க” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு கோபத்தை இழுத்துப் பிடிப்பது கஷ்டம்.

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் கரும்பு நிலம் உண்டு. ஒரு பருவத்தில் ஆலை வாசலில் டிராக்டர்கள் வெகுதூரம் நின்றன. அவருடைய வண்டி வாசலை நெருங்கியிருந்தது. குத்தகைக்குப் பயிர் வைத்த ஏழுமலையின் வண்டியோ வழியில் அச்சு முறிந்து, கடைசியில் வந்து நின்றது. முன்பே வெட்டிய கரும்பு, வெயிலில் எடை இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வருஷத்துக்கு அவர் குடும்பத்துக்கு அது ஒன்றுதான் வருமானம். டீச்சர் அவரை முன்னால் வரச் சொன்னார்.

“நீங்க கூப்புட்டா நாங்க இன்னா பண்றதுங்க?” என்று பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அந்த வரிசையில் ஒரு வழக்கம். இடத்தைக் கொடுக்கலாம், கொடுத்தவர் வாங்கியவரின் இடத்துக்குப் போய்விட வேண்டும்.

“நான் கடைசிக்குப் போறேன், போதுங்களா?” என்று வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். அவர் கரும்பு காய்ந்தது. மறுநாள் பள்ளியில் நான் திட்டினேன்.

“எனக்குச் சம்பளம் வருதுங்க ஐயா. அவருக்கு அந்தக் கரும்புதான வருது” என்றார்.

நல்லடக்கத்துக்கு ஏழுமலை வந்திருந்தார். தள்ளாத வயது, இருவர் பிடித்து அழைத்து வந்தார்கள். தலைமாட்டில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

“அன்னிக்கு எடத்த வுட்டுக் குடுத்தியேம்மா. இந்த லைன்ல நான்தான முன்னாடி நின்னுக்கினு இருந்தேன். இன்னாத்துக்கும்மா முந்திக்கினு போன?”

என் காது அந்தச் சொல்லில் போய் நின்றுவிட்டது. டீச்சர் பழக்கிவிட்ட காது அது. எனக்கென்று அவர் விட்டுப்போனதும் அதுதான். “டீச்சர், கேட்டீங்களா?” என்று சட்டென்று பக்கத்தில் திரும்பினேன். வேறு யாரோ நின்றிருந்தார்.