மலை தெரியாத காலை

பாவாடை ஒரு பயந்தாங்கொள்ளி. இப்படிச் சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், ஊருக்கே தெரிந்த சங்கதிதான். பெயரைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். செஞ்சிப் பக்கத்தில் அது சாமி பெயர், தெருவுக்கு நாலு பாவாடை இருப்பார்கள். ஐம்பத்தாறு வயதாகியும் இவர் ராஜகிரிக் கோட்டையில் பாதிக்கு மேல் ஏறியதில்லை, தலை சுற்றுமாம். இருபது வருஷம் கல்குவாரியில் கிடந்தவர், வெடி வைக்கிற நாளில் மட்டும் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வார். இப்படிப்பட்ட மனுஷனுக்கு விமானம் ஓட்டுகிற பெண் வந்து பிறந்தாள் பாருங்கள்.

அந்தப் பெண் தமிழினி. அரசாங்க உதவியில் பயிற்சி முடித்து, தனியாக ஓட்ட லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அனந்தபுரம் சாலையில் பறக்கும் கிளப்காரர்கள் சின்னதாக ஓடுதளம் போட்டிருந்தார்கள். அதற்குப் பாவாடைதான் வாட்ச்மேன். காவலோடு இன்னொரு வேலையும் அவர் தலையில் விழுந்தது. விமானம் கிளம்புவதற்கு முன்னால் கொட்டகை வாசலில் நின்று, கண்ணுக்கு எதுவரை தெரிகிறது என்று போனில் சொல்ல வேண்டும். ராஜகிரி மலை தெரிந்தால் வரலாம். மலை தெரியவில்லை, ஓடுதளத்து முனையில் இருக்கிற பனைமரம் மட்டும்தான் தெரிகிறது என்றால் வரக்கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. கடலோரத்து விமான மைதானத்திலிருந்து இரண்டு சீட்டு விமானம் ஒன்றைத் தமிழினி முதல்முறையாகத் தன்னந்தனியே செஞ்சிக்குக் கொண்டுவர ஏற்பாடு. காலை ஆறரைக்குப் போன் செய்தாள்.

“நைனா, மலை தெரியுதா?”

“பளிச்சுனு தெரியுதும்மா. மேல இருக்கற மண்டபம் மொதக்கொண்டு தெரியுது.”

“அப்ப நான் கெளம்பறேன்.”

வெயில் வந்தால் பனி கலையும் என்பார்கள். அன்றைக்கு நேர்மாறாக நடந்தது. சூரியன் தலை காட்டியதும் ஏரிப் பக்கமிருந்து பனி கிளம்பி வயல்களை மூடிக்கொண்டு வந்தது. கால் மணி நேரத்தில் மலையைக் காணோம். போனை எடுத்தார், மறுபடி சட்டைப் பையில் போட்டார். புறப்பட்டவர்களைப் பின்னால் கூப்பிடக்கூடாது, கூப்பிட்டால் போகிற காரியம் கெடும் என்று கேட்டே வளர்ந்த உடம்பு. இரண்டு தரம் எடுத்தார், இரண்டு தரமும் வைத்தார். பயந்தவன் செய்கிற முட்டாள்தனம் இதுதான், பெரிய பயம் எதிரே நிற்கும்போது சின்னப் பயத்துக்குக் கட்டுப்படுவான். மூன்றாம் தரம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கூப்பிட்டார். போன் அணைந்திருந்தது. அவள் மேலே ஏறிவிட்டாள்.

ஏழரை மணிக்குத் தலைக்கு மேல் சத்தம் கேட்டது. கொட்டகையிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது.

“நைனா, கீழ ஒன்னுமே தெரியல, ஒரே வெள்ளையா இருக்குது. ராஜகிரி உச்சி மட்டும் வெளிய நீட்டிக்கினு இருக்குது. மத்த மலைங்க எங்க இருக்குதுன்னே தெரியல. ஒனக்கு இன்னா தெரியுது?”

அவர் வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்தார்.

“ஓடுதளத்துக்கு நேரா மட்டும் பனி லேசா கிழிஞ்சிருக்குது” என்றாள். “அதுல பூந்து எறங்கிடலாம்னு பாக்கறேன். பனைமரம் தெரியுதா, அத மட்டும் சொல்லு.”

பனைமரம் தெரிந்தது. முழுதாக இல்லை, அடிமரம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் ‘வா’ என்ற சொல் பாவாடையின் தொண்டைக்குழி வரை வந்துவிட்டது. தெரியாத தூரத்தில் எங்கேயோ போய் என்ன ஆவாளோ என்று தவிப்பதைவிட, எப்படியாவது கண்ணெதிரில் இறங்கிவிட மாட்டாளா என்று இருந்தது. வீட்டில் அவர் மனைவி காத்தாயி கறி வாங்கி வைத்துக்கொண்டு மகளுக்காகக் காத்திருந்தாள். வீடு தேடி வருகிற பெண்ணைப் பெற்ற அப்பனே வராதே என்று சொல்வானா? இவர் யோசிக்க யோசிக்க, விமானச் சத்தம் ராஜகிரிக்குப் பக்கத்துக் கிருஷ்ணகிரி மலை இருக்கிற திசைக்குத் திரும்பியது. இத்தனை வருஷம் பார்த்த மலை, அந்தப் பனிக்குள் எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. பாவாடை வயர்லெஸ்ஸை வாயருகே இழுத்தார்.

“மரம் பாதிதாம்மா தெரியுது. மலை தெரியல. வராத!” என்று கத்தினார். “எறங்காத, திரும்பிப் போயிடு. வராத கண்ணு, வராத!”

பிறகு எஞ்சின் முக்கிக்கொண்டு மேலேறுகிற சத்தம் கேட்டது. கிழக்கே போய்த் தேய்ந்து, அடியோடு நின்றுபோனது.

திரும்பிப் போக இருபத்தைந்து நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் பாவாடை கும்பிடாத சாமி இல்லை. முப்பது நிமிஷம் ஆகியும் போன் வரவில்லை. வராதே என்று சொன்ன வாய் அழுகிப் போகட்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டார். நாற்பதாவது நிமிஷத்தில் போன் அடித்தபோது, முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

“எறங்கிட்டேன் நைனா. இங்க நல்லா வெளிச்சமா இருக்குது.”

அவர் விசும்பி விசும்பி அழுதார். அவர் அழுது முடியட்டும் என்று அவள் விட்டாள்.

“ஒன்னு சொல்லட்டுமா நைனா? இவ்ளோ தூரம் வந்துட்டுத் திரும்பறதான்னு ஒரு வீம்பு எனக்கு. சக்கரம் மரத்துல தட்டுமா, மலையில தட்டுமான்னுகூட யோசிக்கல. நீ வான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எறங்கியிருப்பேன்.”

பாவாடை அப்படியே கொட்டகைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அதச் சொல்லத்தாம்மா வாயெடுத்தேன்” என்றார்.

மறுமுனையில் தமிழினி மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அது கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும் அவர் போனை வைக்கவில்லை.