ஸ்டெல்லா அக்கா எழுதிய கடிதம்

"மம்மி இக லேரு, அங்கிள்." போன வியாழக்கிழமை காலை ஸ்டெல்லா அக்காவின் மகள் போனில் தெலுங்கில் சொன்னாள். அம்மா இனி இல்லை. அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச வராது.

பாலாநகரில் எங்கள் சிறிய கம்பெனியில் வேலை செய்தவர்களுக்கு அக்காவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ரயில்வே பட்டறைக் குடும்பத்துப் பெண். பிறந்த குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் மருத்துவமனைக் கருவிகளுக்கு நாங்கள் எலக்ட்ரானிக் போர்டு செய்தோம். கடைசிப் பரிசோதனை அவருடையது. அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு போர்டும் வெளியே போகாது. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகக் கச்சிபௌலி சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அக்காவைக் கேட்டால், "நமக்கு நக்கோ, அது வேணாம் சார். கையில தொட்டுப் பாக்குற வேலைதான் எனக்குச் சரி" என்பார்.

ஒருநாள் ஒரு மாவட்ட மருத்துவமனையிலிருந்து போர்டு ஒன்று திரும்பி வந்தது. கருவி தானாகவே சூடாவதை நிறுத்தியிருக்கிறது. நர்ஸ் ஒருவர் தொட்டுப் பார்த்துக் குழந்தையை மாற்றியதால் விபரீதம் ஏதும் நடக்கவில்லை. மின்சாரம் ஏறி இறங்கியதுதான் காரணம் என்று பதில் எழுதச் சொன்னார் மேனேஜர். அந்தக் கடிதத்தை டைப் செய்தவன் நான். இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அக்கா லென்ஸை வைத்துப் போர்டைப் பார்த்துவிட்டு நேராக மேனேஜர் அறைக்கு வந்தார்.

"கரண்ட்டு மேல எதுக்கு சார் பழி போடறீங்க? சால்டர் ஈயத்துல மயிரிழை விரிசல் இருக்கு. கையெழுத்து என்னுது. நான்தான் பாஸ் பண்ணேன்."

"அப்படி எழுதிக் கொடுத்தா ஆர்டரே போயிடும்மா."

"போகட்டும் சார். அடுத்த தடவை அந்த நர்ஸம்மா பக்கத்துல இல்லேன்னா?"

என் கடிதம் போகவில்லை. அக்கா தன் கைப்படவே எழுதினார். பிறகு நானும் அவரும் சால்டரிங் அயர்னை எடுத்துக்கொண்டு மூன்று வாரம் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், அதே பேட்ச் போர்டுகளை எல்லாம் சரிசெய்தோம். ஒரு டாக்டர் எல்லோர் எதிரிலும் கத்தினார். அக்கா தலைகுனியாமல் கேட்டுக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும், "அவருக்குக் கோபம் வரணும் சார். வரலேன்னாதான் பயப்படணும்" என்றார்.

ஆர்டர் போனது. அக்காவை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். இரண்டு வருடம் அங்கே ஸ்க்ரூ எண்ணினார். "வலிக்கலையா அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "வலிக்காம இருக்குமா சார்? ஆனா தூக்கம் வருது."

ஆர்டரை நிறுத்திய அதே வாடிக்கையாளர் திரும்பி வந்தபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: அந்தக் கடிதத்தை எழுதியவர்தான் போர்டுகளைப் பார்க்க வேண்டும். ஸ்டோர் ரூமுக்கு மேனேஜரே இறங்கிப் போய் அழைத்து வந்தார்.

இன்று நான் வேறொரு கம்பெனியில் அறிக்கைகள் எழுதுகிறேன். "தவறு நேர்ந்துவிட்டது" என்று எழுதத்தான் கை முதலில் போகிறது. நிறுத்தி, அடித்துவிட்டு, "தவறு செய்தேன்" என்று எழுதுகிறேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது "செய்தேன்" என்ற அந்த ஒரு சொல்தான்.