வரப்பில் உட்கார்ந்து கேட்டவர்

ஆரோக்கியசாமி இறந்துவிட்டார் என்று மயிலாடுதுறையிலிருந்து அவர் மகள் தொலைபேசியில் சொன்னாள். என்ன வியாதி என்றுகூட நான் கேட்கவில்லை. "கடைசியா என்னம்மா பேசினார்?" என்றுதான் கேட்டேன். "ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரரைப் பாக்க ஏன் யாரும் வரலன்னு விசாரிச்சுக்கிட்டு இருந்தாங்க மாமா," என்றாள். அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

எங்கள் தாலுகா அலுவலகத்தில் அவர் துணைத் தாசில்தார். நான் வருவாய் ஆய்வாளர். கழக ஆட்சி வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அறுவடை வந்தால் கூலித் தகராறும் கூடவே வரும். சட்டம் தெரிந்தவர்கள் எங்களில் பலர் இருந்தும், தகராறு என்றால் அவரைத்தான் அனுப்புவார்கள். இந்த மனிதரிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்குத் தீராத ஆவல்.

ஒரு தை மாதம், திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்தில் சம்பா முற்றிச் சாய்ந்து கிடந்தது. கூலியாட்கள் கொடி பிடித்துப் போராடிய பிறகு, கேட்ட கூலியைத் தர மிராசுதார் ஒப்புக்கொண்டிருந்தார். அப்படியும் உள்ளூர் ஆட்கள் வயலில் இறங்கவில்லை. மிராசுதார் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார். நாங்கள் போனபோது இரு கூட்டமும் எதிரெதிரே, கையில் அரிவாளோடு நின்றன. போலீசுக்குச் சொல்லியனுப்பலாம் என்றேன். ஆரோக்கியசாமி செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்தார்.

உள்ளூர் ஆட்களுக்கு முன்னால் நின்றவர் அஞ்சலை. "கேட்ட கூலி கிடைச்சிருச்சேம்மா. இன்னும் மனசுல என்ன இருக்கு?" என்று ஆரோக்கியசாமி அவரிடம் கேட்டார்.

"எம் புருஷன் இந்தப் பண்ணையிலயே உழைச்சுச் செத்தாருங்க. சேதி சொல்ல எந்தம்பி போனான். 'அப்ப நாளைக்கு வண்டி ஓட்ட யாருடா வருவா'ன்னு கேட்டாரு பண்ணையாரு."

ஆரோக்கியசாமி சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "அதைக் கேட்டுட்டு எப்படிம்மா இந்த வயல்ல இறங்குவீங்க," என்றார். அஞ்சலை அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.

ஆரோக்கியசாமி போய் அதைச் சொன்னதும், சாலையில் காருக்குள் இருந்த மிராசுதார், "நான் மன்னிப்புக் கேக்கணுமா?" என்று சீறினார்.

"வேணாங்க. அன்னிக்கு உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

மிராசுதார் குரலைத் தாழ்த்தினார். "சின்ன வயசுல எனக்கு நீச்சல் கத்துக்குடுத்தவன்யா அவன். எனக்கு ஒண்ணும் ஓடல. வாய்க்கு வந்ததைக் கேட்டுட்டேன்."

"இதை அந்தம்மாகிட்டயே சொல்லிருங்க."

இறங்கி வந்து சொன்னார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல," என்று அஞ்சலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் வயலில் இறங்கினார். வெளியூர் ஆட்களை அன்றைய கூலியோடு அனுப்பிவைத்தோம். மறு வருஷம் வேறு தகராறு வந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

திரும்பும்போது, "இது உங்களுக்குப் பிறவியிலேயே வந்ததா?" என்று கேட்டேன். "என் வீட்டுல கேட்டுப் பாருங்க," என்று சிரித்தார். கேட்க வாய்க்கவில்லை. அடக்கம் முடிந்த பிறகுதான் அவர் மனைவி பிலோமினாவிடம் கேட்டேன்.

"அவரா? கல்யாணமான புதுசுல சோத்துத் தட்டைத் தூக்கி அடிப்பாருங்க. அவர் சைக்கிள் சத்தம் கேட்டாலே எங்க மூத்த பொண்ணு கட்டிலுக்கடியில போயிரும். ஒருநாள் இவரும் உள்ள தவழ்ந்து போயி, பக்கத்துல படுத்துக்கிட்டு, 'அப்பாகிட்ட என்னடா பயம்'னு கேட்டாரு. அது சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டே கெடந்தாரு. அப்புறந்தான் மாறுனாரு. உடனே இல்ல, கொஞ்சங் கொஞ்சமா."

பிறவிக் குணம் என்று நினைத்திருந்த காலம்வரை, நான் அவரை வியந்துவிட்டுச் சும்மா இருக்க முடிந்தது. இனி முடியாது. வளர்ந்த மனிதனும் இதைக் கற்றுக்கொள்ளலாம் என்பதைத்தான் அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால், பதில் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்கப் பார்க்கிறேன். இந்த வயதில் அந்தக் கேள்வி சட்டென்று வாயில் வரவில்லை. நேற்று வந்தது.