மாட்டுக்கு ஊற்றிய சங்கீதம்

எங்கள் ஊரான கில்மோனனின் புத்தகம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் ஐரோப்பாவில் ஒருத்தனுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்காது. ரோமாபுரிக்காரன் இன்னும் சுவரில் கோடு கிழித்து ஆடு எண்ணிக்கொண்டிருப்பான். கடவுளே பத்துக் கட்டளைகளைப் பிரதியெடுக்க முதலில் எங்கள் ஊர்த் துறவிகளிடம்தான் கொடுத்தார். இங்கே மழை விடவில்லை, மை காயவில்லை, அதனால்தான் அவர் கல்லில் வெட்டும்படி ஆயிற்று. இதில் ஒரு சொல்கூட மிகையில்லை.

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அந்தப் புத்தகத்தில் தாவீதின் சங்கீதங்கள், அதாவது பைபிளின் துதிப்பாடல்கள், இருந்தன. எலியும் ஈரமும் விட்டுவைத்தது ஒரு கைப்பிடிக் கன்றுத்தோல் ஏடுகள்தான். பங்குக் கோயில் மண்டபத்தின் பின்னறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அவை கிடந்தன. பெட்டியின் சாவி டிம்ப்னா கார்வியிடம். ஆக, உலக நாகரிகத்தின் சாவி அவள் சமையலறையில், நாட்காட்டிக்குப் பின்னால், ஓர் ஆணியில் தொங்கியது. ஊருக்கே அது தெரியும். வம்பு அங்கேதான்.

டிம்ப்னா ஐம்பதைத் தாண்டியவள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். புனித மோனனின் புத்தகத்தைக் காப்பது கார்வி குடும்பத்தின் வேலை என்று எந்தக் காலத்திலோ எந்த மடாதிபதியோ சொல்லிவைத்துவிட்டுச் செத்துப்போனார். அண்ணன் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது சாவியையும் காது கேட்காத நாயையும் அவளிடம் விட்டுப் போனான். நாயாவது சாப்பிட்டுவிட்டுத் தூங்கும். புத்தகத்துக்குக் குளிர் ஆகாது, வெயில் ஆகாது, கணப்புச் சூடு ஆகவே ஆகாது. தோல் அல்லவா! உயிர் போய் ஆயிரம் வருடம் ஆன பிறகும் காற்றில் ஈரம் ஏறினால் புடைக்கும், வறண்டால் சுருளும்.

வருடத்துக்கு ஒரு தடவை, புனிதரின் திருநாளன்று, ஊர் வரிசையில் நின்று புத்தகத்தைப் பார்க்கும். திறந்திருப்பது ஒரே பக்கம். கண்ணாடியில் தன் நனைந்த தலைமுடியின் பிம்பம்தான் பாதிப் பேருக்குத் தெரியும். டிம்ப்னாவுக்கு இது பொறுக்கவில்லை. “பெட்டியில பூட்டி வெக்கறதுக்கு இது என்ன, பிஷப்போட பல்செட்டா?” என்று பங்குக் கூட்டத்தில் கேட்டாள். டப்ளினில் இருந்த நூலகத்தை விடாமல் நச்சரித்தாள். கடைசியில் அவர்கள் இறங்கி வந்தார்கள். ஒவ்வொரு ஏட்டையும் படம் எடுத்து இணையத்தில் போடுவார்கள். பெர்த்தில் இருக்கும் அண்ணன்கூடப் புரட்டிப் பார்க்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. படம் எடுக்கும் நாளில் புத்தகத்துக்குப் புதுச் சேதம் ஏதாவது தெரிந்தால், இங்கே அதற்குப் பாதுகாப்பில்லை என்று அர்த்தம். மொத்தப் புத்தகமும் டப்ளினுக்குப் போய்விடும், திரும்பாது. டிம்ப்னா யோசிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

அந்த நாள் ஜனவரியில் வந்தது. புல்லெல்லாம் வெள்ளைப் பனி. பேருந்தை எடுப்பதற்கு முன் டிம்ப்னா மண்டபத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். தையல் விட்டுத் தனியாகக் கிடக்கும் ஏடு ஒன்று உண்டு. அடி ஓரத்தில் ஒரு கன்றுக்குட்டி வரைந்திருக்கும். எழுதிய துறவிக்கு அலுப்புத் தட்டிய நேரத்தில் வரைந்தது என்பார்கள். அறிஞர்கள் அதைக் கன்று என்கிறார்கள். இதை எழுதுகிறவனுக்கு அது காது முளைத்த உருளைக்கிழங்கு.

அந்த ஏட்டைக் காணோம்.

டிம்ப்னாவுக்கு யோசிக்க நேரம் தேவைப்படவில்லை. முந்தின நாள் மாலை, மாடு வளர்க்கும் மலாக்கி டஃபி தேநீர் குடிக்க வந்திருந்தான். அவனுடைய கிடாரிக்கு முதல் ஈற்று, கன்று வெளியே வரவில்லை, வைத்தியர் வேறு பண்ணையில் இருக்கிறார் என்று புலம்பினான். புலம்பிக்கொண்டே நாட்காட்டியில் தேதி பார்ப்பதுபோல் நின்றான். புனிதரின் ஏட்டைத் தண்ணீரில் முக்கி, அந்தத் தண்ணீரை மாட்டின் வாயில் ஊற்றினால் நோவு தீரும் என்பது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். டிம்ப்னாவின் அப்பாவே ஊருக்கெல்லாம் முக்கிக் கொடுத்தவர். எல்லா ஏடுகளின் அடியிலும் ஒரு பழுப்பு அலை ஓடுகிறதே, அது கார்வி வீட்டுக் கைவண்ணம்.

ஆனால் பேருந்து காத்திருந்தது. வழக்கமான நிறுத்தங்களில் வழக்கமான பிள்ளைகளை ஏற்றினாள். குறுக்குச் சாலை வந்ததும் பள்ளிக்குப் போகாமல் மலாக்கியின் சந்துக்குள் திருப்பினாள். இரண்டு பக்கமும் வேலிமுள் கண்ணாடியைக் கீறியது.

“டேய், நம்மளக் கடத்துறாங்கடா!”

“கணக்குப் பரீட்சை முடியற வரைக்கும் கடத்துங்க டிம்ப்னா! எங்கம்மா பணம் தரமாட்டா, இப்பவே சொல்லிட்டேன்!”

வழக்கமாக அவள் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பாள். அன்று தலைக்கு மேலிருந்த கண்ணாடி வழியாகக்கூடப் பின்னால் பார்க்கவில்லை. அதைக் கண்டதும் பின் இருக்கை அடங்கியது.

மலாக்கி தொழுவத்தில் முட்டி வரை சாணியோடு நின்றான். பக்கத்தில் ஒரு வாளி.

“எங்க அது?”

“எது?”

“மலாக்கி!”

“கத்தாத பொண்ணே, மாடு மிரளுது. விடியக்காலைல எடுத்தேன். நீ எழறதுக்குள்ள சாவிய ஆணில மாட்டிட்டேன். படம் எடுக்கறவங்க வர்றதுக்குள்ள வெச்சிடலாம்னுதான் இருந்தேன்.”

“நனைச்சியா?”

“அடி ஓரத்த மட்டும். உங்கப்பா நனைக்கிற அளவுதான். கன்னுத்தோல்ல எழுதினது ஒரு கன்னுக்கு உதவாதா?”

“இப்ப எங்க இருக்கு?”

“காயுது.”

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் டிம்ப்னா வீட்டுக்குள் ஓடினாள். சமையலறை இரும்பு அடுப்பு கரி போட்டுக் கனன்றுகொண்டிருந்தது. அதற்கு மேலே உள்ள கம்பியில், மலாக்கியின் காலுறைகள் இரண்டுக்கும் நடுவில், ஆயிரம் வருடத்துச் சங்கீதம் தொங்கியது. வெப்பத்தில் ஒரு மூலை வாட்டிய பன்றித்தோல் போலச் சுருண்டு, கன்றுக்குட்டியின் காது வரைக்கும் வந்துவிட்டிருந்தது.

அவள் அதை இழுக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் அடியில் கொடுத்து, தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்தாள். அமுக்கி நிமிர்த்தினால் வெடிக்கும். சூட்டிலேயே விட்டால் இன்னும் சுருளும். குளிரில், உறிஞ்சும் தாளுக்கு நடுவில், மெதுவாகத்தான் அது தன் வழிக்கு வரவேண்டும்.

மலாக்கி வாசலில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். “சொல்லாட்டி யாருக்குத் தெரியும்? ஏற்கெனவே கறை இருக்கு. உங்க வீட்டுக் கறை. அதும் பழசுன்னு சொல்லிடு.”

அவள் ஏட்டோடு அவனைத் தாண்டி வெளியே போனாள். அவன் சொன்னது சரி. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பேருந்துப் படியில் ஏறி, “யார்கிட்ட வரையற தாள் இருக்கு? புதுசு. கோடு போடாதது,” என்றாள். குரலில் ஏதோ இருந்தது. ஒரே நேரத்தில் நான்கு பைகள் திறந்தன. முன் இருக்கையில் ஓர்னா என்ற சின்னப் பெண் தன் ஓவியத் தாள் கட்டை நீட்டினாள். டிம்ப்னா ஏட்டைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, கட்டை அவள் மடியிலேயே கிடத்தினாள்.

“ஆட்டாதே. மூச்சு விடலாம், தும்மக் கூடாது.”

“தும்மல் வந்தா?”

“முழுங்கிடு.”

பிறகு பேருந்தின் ஹீட்டரை அணைத்தாள். “ஜன்னலெல்லாம் திற.”

“வெளில பனி கொட்டுது டிம்ப்னா!”

“தெரியும். திற.”

எல்லோரும் திறந்தார்கள். கில்மோனன் பள்ளிப் பேருந்து தன் வரலாற்றிலேயே முதல் தடவையாகச் சத்தமில்லாமல் போனது. பற்கள் மட்டும் தந்தியடித்தன. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் டிம்ப்னா வேகத்தைக் குறைத்தாள். ஒவ்வொரு தடவையும் ஓர்னாவின் தோள் காதுவரை ஏறி இறங்கியது. பக்கத்தில் இருந்த முரட்டுப் பையன் ஒருவன் தன் சால்வையைக் கழற்றி அவள் கழுத்தில் சுற்றிவிட்டு, யாரும் பார்த்துவிடவில்லையே என்று திரும்பிப் பார்த்தான்.

பள்ளிக்கும் மண்டபத்துக்கும் ஒரே மதில். டப்ளின் கார் ஏற்கெனவே வந்து நின்றது. படமெடுக்க வந்தவள் பெயர் ஃபினோலா. ஒல்லியான, அதிகம் பேசாத பெண். விளக்குகளை நிறுத்திக்கொண்டிருந்தாள். டிம்ப்னா தாள்கட்டை மேசைமேல் வைத்து மேல்தாளை எடுத்தாள். மூலை கொஞ்சம் இறங்கியிருந்தது. முழுக்க இல்லை. பிள்ளைகள் மதில்மேல் தொற்றி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர்கள் கூப்பிட்டும் யாரும் இறங்கவில்லை.

ஃபினோலா குனிந்து பார்த்தாள். நிமிரவே இல்லை.

“இந்தக் கறை பழசுதானே?” என்றாள். “நாப்பது வருஷத்துக்கு முந்தி எடுத்த படத்திலயும் இருக்கு.”

பொய்க்குக் கதவை அவளே திறந்துவிட்டாள். டிம்ப்னா ஒரு ‘ஆமாம்’ சொல்லி நுழைந்தால் போதும். புத்தகம் இங்கேயே இருக்கும். சாவி ஆணியிலேயே இருக்கும். டிம்ப்னா ஜன்னல் பக்கம் பார்த்தாள். அங்கே ஓர்னாவின் மூக்கு சிவப்பாக இருந்தது.

“பழசு எங்கப்பா பண்ணது,” என்றாள். “அதுக்கு மேல இருக்கறது இன்னிக்குக் காலைல ஆனது. ஒரு மாட்டுக்காக. சாவிய நான் ஒழுங்கா வெக்கல.”

ஃபினோலா மெதுவாக நிமிர்ந்தாள். பிறகு, “ஏன் சொன்னீங்க?” என்றாள்.

“ஊரெல்லாம் பாக்கட்டும்னுதானே கூப்பிட்டேன். பொய்யோட எதுக்குப் போடணும்?”

ஃபினோலா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பனியில் மேலும் கீழும் நடந்தாள். உள்ளே டிம்ப்னா மேசையைப் பிடித்தபடியே நின்றாள். அந்த நேரம் பார்த்து மலாக்கியின் டிராக்டர் வந்து நின்றது. அவன் ஜன்னலுக்கு வெளியிலிருந்து இரண்டு கையையும் ஆட்டி, “கிடாரிக் கன்னு! உயிரோட!” என்று கத்தினான். அவனைக் கொல்வதா, கட்டிப்பிடிப்பதா என்று டிம்ப்னாவுக்குத் தெரியவில்லை.

ஃபினோலா திரும்பி வந்தாள். “தனி ஏடு என்கூட வரும். அங்க அதச் சரிபண்ணுவாங்க. எப்பத் திரும்பும்னு சொல்ல முடியாது, திரும்பாமலும் போகலாம். மத்ததெல்லாம் இருக்கட்டும்னுட்டாங்க, நீங்களா சொன்னதால.” கொஞ்சம் நிறுத்தினாள். “சாவி மட்டும் சமையலறைல இருக்கக் கூடாது.”

டிம்ப்னா தலையாட்டினாள். கார் புறப்படும்போது பின் இருக்கையில் ஓர்னாவின் தாள்கட்டு சீட் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்ததை மதில்மேல் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். டிம்ப்னா மட்டும் பார்க்கவில்லை. பேருந்துக்குள் போய் ஒவ்வொரு ஜன்னலாக மூடிக்கொண்டிருந்தாள். தேவைக்கு அதிகமாக நேரம் எடுத்துக்கொண்டாள்.

இப்போது இணையத்தில் அந்த ஏட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பழைய கறை, புதுக் கறை, சுருண்ட மூலை எல்லாமே அப்படியே தெரிகின்றன. படத்துக்குக் கீழே இரண்டு கறைக்கும் காரணம் எழுதியிருக்கிறது, மாடு உட்பட. பெர்த்திலிருந்து அண்ணன், ‘அப்பாவ உலகம் பூரா நாறடிச்சிட்டியே’ என்று போனில் சிரித்தானாம். கண்ணாடிப் பெட்டியில் அந்த ஏட்டுக்கு உரிய இடம் காலியாக இருக்கிறது. சாவி எங்கே இருக்கிறது என்பது ஊருக்குத் தெரியாது.

பங்குக் கோயில் செய்தித்தாளுக்காக எழுதிய இதை, அச்சுக்குப் போகுமுன் டிம்ப்னா படிக்க வேண்டும் என்றாள். ஸ்டீயரிங்மேல் வைத்து, கடைசி நிறுத்தம் தாண்டியும் என்னை இறங்கவிடாமல், முழுக்கப் படித்தாள்.

“கடவுளப் பத்தினது பொய். மத்ததெல்லாம் போகட்டும்,” என்றாள். பிறகு கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்துக் கையைப் பின்னால் நீட்டினாள். “போனக் குடு.”

“எதுக்கு?”

“குடுடா.”

திரையைத் தட்டினாள். வெளிச்சம் வந்தது. முகப்புப் படத்தில் காது முளைத்த உருளைக்கிழங்கு ஒன்று, சுருண்ட மூலையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஓர்னா கழுத்துல இருந்த அந்தச் சால்வையும் உன்னுதுதானே?” என்றாள்.